கஞ்சி ஏன் நீர்த்தது?

யோகோஹாமாவில் சகுராகிச்சோ ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து சற்று நடந்தால் நோகே என்றொரு பகுதி வரும். சந்துக்குச் சந்து கையகலக் கடைகள், எல்லாம் குடிக்கிற கடைகள். நான் போன கடையில் நாற்காலியே கிடையாது. மார்பளவு உயரத்தில் ஒரு நீளப் பலகை. இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் ஒரே ஒரு கடைக்காரர். மாலை ஆறு மணி வாலாஜாபாத் பஸ்ஸில் நிற்பதுபோல் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றின் வேலையாக மூன்று மாதப் பயிற்சிக்குப் போயிருந்தேன். படப்பையில் வீடு, பாதி வாழ்க்கை ஷிப்டில். நின்று குடிப்பது எனக்குப் புதிதல்ல. ஊரில் டீக்கடையில் அதைத்தான் செய்கிறோம்.

கடைக்காரர் ஒரு சதுர மரப்பெட்டியை வைத்தார். அதற்குள் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்தார். பெரிய போத்தலைச் சாய்த்துச் சாக்கே என்ற அரிசி மதுவை ஊற்ற ஆரம்பித்தார். டம்ளர் நிறைந்தது, அவர் நிறுத்தவில்லை. வழிந்து பெட்டிக்குள் இறங்கியது, அப்போதும் நிறுத்தவில்லை. ‘சார், போதும் சார்’ என்று பதறித் தமிழிலேயே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவர் சிரித்தார். வழிய வழிய ஊற்றுவதுதான் அங்கே மரியாதையாம். தூக்கினால் சிந்தும் என்பதால் முதல் மடக்குக்குக் குனிய வேண்டும். தொட்டியில் கன்றுக்குட்டி வாய் வைப்பதுபோல் நானும் குனிந்தேன்.

அந்த மரப்பெட்டிக்கு மாசு என்று பெயர். அது அரிசி அளக்கும் படி. ஒரு படிக்கு ஒரு ‘கோ’, அதாவது ஏறக்குறைய 180 மில்லி. நம் ஊரில் அந்த 180-க்கு ‘குவார்ட்டர்’ என்று பெயர் என்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அளவு ஒன்றுதான், சரக்கு வேறு. டாஸ்மாக் குவார்ட்டரில் 42.8 சதவீதம் ஆல்கஹால். சாக்கேயில் 15, மிஞ்சினால் 16.

அந்த 15 சதவீதத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. இது காய்ச்சி வடித்த சாராயம் இல்லை. வெறும் சோற்றைப் புளிக்கவைத்து எடுத்தது. தொட்டியில் இருக்கும்போது 18, 20 சதவீதம் வரைகூடப் போகிறது. பிறகு தண்ணீர் சேர்த்துக் குறைக்கிறார்கள். பீர் பெரும்பாலும் 5-ஐ ஒட்டி நிற்கிறது. திராட்சை வைன் 12, 14. இனிப்பே இல்லாத சோறு எப்படி அவற்றையெல்லாம் தாண்டுகிறது?

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலைக் கழிக்கும் ஓரணு உயிர். திராட்சையிலும் பதநீரிலும் சர்க்கரை தயாராகவே இருக்கிறது. பானையைக் கட்டினால் போதும், மாலைக்குள் கள். அரிசியில் இருப்பதோ மாவுச்சத்து. சர்க்கரை மணிகளை ஆயிரக்கணக்கில் கோத்து முடிச்சுப் போட்ட சங்கிலி அது. ஈஸ்டால் அந்தச் சங்கிலியை அறுக்க முடியாது. யாராவது வெட்டித் துண்டாக்கித் தர வேண்டும். அந்தக் கத்திதான் அமைலேஸ் என்ற நொதி.

உலகத்தில் மனிதன் இந்தக் கத்தியை மூன்று இடத்திலிருந்து எடுத்திருக்கிறான். முதல் இடம் வாய். ஒரு பிடி சோற்றைக் குழம்பில்லாமல் ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருங்கள், இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸின் வேலை. மென்று துப்பிய அரிசியில் மது செய்கிற வழக்கம் பழைய ஜப்பானிலும் இருந்தது. மேற்கொண்டு விவரிக்க எனக்கு இஷ்டமில்லை. இரண்டாவது இடம் முளை. விதை முளைக்கும்போது குருத்துக்குச் சாப்பாடு வேண்டும் என்பதற்காகத் தன் சேமிப்பைத் தானே வெட்டிக்கொள்கிறது. பீர் செய்கிறவர்கள் பார்லி முளையை நம்புகிறார்கள். முளைகட்டிய கேழ்வரகு மாவில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் வீடுகளுக்கும் இது தெரியும். சாதாரண மாவு பிசினாகக் கெட்டிப்படும்; முளை மாவு அதே அளவு போட்டாலும் நெகிழ்ந்து, லேசாக இனித்து நிற்கும்.

மூன்றாவது இடம் பூஞ்சணம். ஜப்பான் பிடித்துக்கொண்டது இதை. ஆவியில் வெந்த சோற்றின் மேல் அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சணத்தின் வித்துகளைத் தூவி வளர்த்து எடுப்பதுதான் கோஜி. பூஞ்சணம் சோற்றுக்குள் வேர்போல நூலிழை விட்டு, அமைலேஸைக் கக்கி, மாவுச்சத்தை வெளியிலேயே செரித்து உறிஞ்சுகிறது. இதன் நெருங்கிய சொந்தம் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். சரியாகக் காயாத நிலக்கடலையில் பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைக் கக்குகிற அதே ஆசாமி. நூற்றாண்டுக் கணக்கில் வளர்த்துப் பழக்கியதில் அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை நஞ்சை மறந்து சமையலறைக்குள் வந்துவிட்டது, ஓநாய் நாயானது மாதிரி. 2005-இல் இதன் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்து வெளியிட்டார்கள். மறு ஆண்டு ஜப்பானின் மதுவடிப்புச் சங்கம் இதை ‘தேசியப் பூஞ்சணம்’ என்றே அறிவித்தது. மயிலும் தாமரையும் போல அவர்களுக்கு ஒரு பூஞ்சணம். 2024 டிசம்பரில் கோஜி கொண்டு மது செய்யும் மரபு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஏறியது.

இந்தப் பூஞ்சணம் நம் வீட்டு அலமாரிக்கும் வந்திருக்கிறது. தகாமினே ஜோகிச்சி என்ற வேதியியலாளர் கோஜியின் நொதியைப் பிரித்து 1894-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்று, செரிமான மருந்தாக விற்றார். விருந்துக்குப் பிறகு குடிக்கிற செரிமான சிரப் பாட்டிலில் ‘ஃபங்கல் டயஸ்டேஸ்’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும், பாருங்கள். அது அந்த வழியில் வந்ததுதான்.

சரி, 20 சதவீதத்துக்கு வருவோம். பீரில் வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது: முதலில் முளை எல்லா மாவையும் சர்க்கரையாக்கும், பிறகுதான் ஈஸ்ட் இறங்கும். இன்னும் கடுமையான மது வேண்டும் என்று சர்க்கரையைக் கூட்டினால், ஊறுகாய் ஜாடியில் கிருமி வாடுவதுபோல் ஈஸ்ட் வாடிவிடும். சாக்கேத் தொட்டியில் இரண்டும் ஒரே நேரத்தில். ஒரு பக்கம் கோஜி கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் போடப் போட, மறுபக்கம் ஈஸ்ட் சுடச்சுடத் தின்று தீர்க்கிறது. பந்தியில் கேட்கக் கேட்கப் பரிமாறுகிற மாதிரி. மொத்தச் சோற்றையும் இலையில் ஒரே தடவையில் கொட்டுவதில்லை. தொட்டியில் சர்க்கரை ஒருபோதும் திணறடிக்கும் அளவு சேர்வதே இல்லை. சோற்றையும் கோஜியையும் தண்ணீரையும்கூட நான்கு நாளில் மூன்று தவணையாகத்தான் சேர்க்கிறார்கள். முதல் தவணைக்கு அடுத்த நாள் ஒன்றும் சேர்ப்பதில்லை. ஈஸ்ட் பெருகட்டும் என்று விடுகிற அந்த நாளுக்கு ‘ஒதோரி’, நடனம், என்று பெயர்.

சாக்கே ஈஸ்டிடமும் ஒரு கோளாறு இருக்கிறது. ஆல்கஹால் ஏறினால் மற்ற ஈஸ்டுகள் ஆபத்தை உணர்ந்து சுருண்டு ஓய்வுக்குப் போகும். சாக்கே ஈஸ்டில் அந்த அபாயமணியை அடிக்கிற மரபணு ஒன்று பழுதாகிக் கிடக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். மணி அடிக்காததால் கடைசிவரை வேலை செய்துகொண்டே இருக்கிறது. நைட் ஷிப்ட் முடிந்ததே தெரியாமல் மிஷினில் நிற்கிற ஆள்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வெப்பநிலை. கோஜி வளர்க்கும் அறைக்கு முரோ என்று பெயர். முப்பது டிகிரிக்கு மேல் சூடு, நல்ல புழுக்கம். பூஞ்சணம் வளர வளரச் சோறே சூடாகி நாற்பதைத் தொடும். ஏறக்குறைய இரண்டு நாள் இரவும் பகலும் சட்டையைக் கழற்றிவிட்டு அதைக் கிளறிக்கொண்டிருப்பார்கள். பனிக்கால ஜப்பானில் மரச்சுவர் கட்டி, சூடேற்றி உண்டாக்குகிற இந்தச் சூழல் சித்திரை மாதத்தில் எங்கள் ஊர் திண்ணையில் இலவசம். ஆனால் அடுத்த கட்டம், ஈஸ்ட் வேலை செய்யும் தொட்டி, பத்து பதினைந்து டிகிரிக்குள் மூன்று நான்கு வாரம் நிற்க வேண்டும். அது மார்கழி ஊட்டி. படப்பை வெயிலில் அந்தத் தொட்டியை வைத்தால் ஈஸ்ட் தலைகால் தெரியாமல் பாயும். அதற்குள் லாக்டிக் பாக்டீரியா புகுந்து புளிக்க அடித்துவிடும். ராத்திரி கரைத்த இட்லி மாவு விடிவதற்குள் பாத்திரத்தை மீறி அடுப்பு மேடையில் வழிந்த வீட்டுக்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் இந்த வெயிலில் அரிசியை மதுவாக்க நினைத்தவன் என்ன செய்வான்? சீக்கிரம் செய்து சீக்கிரம் குடிப்பான். அதற்குச் சாட்சி நம்மிடமே இருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பைச் சொல்லும் இடத்தில், அரிசி மது செய்யும் முறை படிப்படியாக வருகிறது. தொண்டை மண்டலம், எங்கள் படப்பையும் அதற்குள்தான். (படப்பை என்ற சொல்லே சங்கத் தமிழில் தோட்டம், கொல்லை என்று பொருள்படும். இப்போது லாரி நிறுத்துமிடம் என்று பொருள் கொள்ளலாம்.) அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கிறார்கள். அகன்ற வாயுள்ள தட்டில் ஊற்றி ஆறவிடுகிறார்கள். அதில் ‘நல்லடை’யைக் கலக்கிறார்கள், நெல் முளையை இடித்தது என்று உரைகாரர்கள் பொருள் சொல்கிறார்கள். சாடியில் இட்டு இரண்டு பகல், இரண்டு இரவு. பிறகு விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள்.

இதைவிடச் சுருக்கமாக ஒரு ஆய்வகக் குறிப்பு எழுத முடியாது. களியாக்குவது மாவுச்சத்தின் முடிச்சுகளை அவிழ்க்க. ஆறவைப்பது நொதி வெந்து சாகாமல் இருக்க. வாய் அகன்ற பாத்திரம் வேகமாக ஆற. முளை, கத்தி. ஈஸ்ட் எங்கிருந்து வந்தது என்று பாட்டு சொல்லவில்லை. முளையிலும் பழகிய சாடியின் சுவரிலும் அது எப்போதும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். இரண்டு நாள் கணக்கும் எங்கள் வெயிலுக்குப் பொருந்துகிறது. நெல் முளையின் வெட்டும் திறன் பார்லி முளையைவிடக் குறைவு. குளிர் தொட்டியும் கிடையாது. ஆக, கடுமை குறைந்த, இனிப்பும் புளிப்பும் கலந்த, கலங்கலான மதுவாகத்தான் அது இருந்திருக்கும். 20 சதவீதக் கனவெல்லாம் அங்கே இல்லை.

ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த நல்லடை பார்வைக்குப் புற்றில் இருக்கும் குரும்பியைப் போல் இருந்தது என்கிறார் புலவர். குரும்பி என்றால் புற்றாஞ்சோறு. கறையான் தன் புற்றுக்குள் பூஞ்சணம் வளர்க்கிற, துளைதுளையான தோட்டம் அது. முளைமாவுக்கு உவமை தேடியவர் நேராகப் பூஞ்சணத் தோட்டத்தில் போய் நின்றிருக்கிறார். இடித்த முளையை அடையாகத் தட்டி வைத்திருந்தால், எங்கள் புழுக்கத்தில் அதன்மேல் பூஞ்சணம் படியாமல் இருந்திருக்குமா? இது என் ஊகம்தான், உரைகாரர்கள் மேல் பழி போட மாட்டேன். ஆனால் வடகிழக்கிலும் ஜார்க்கண்டிலும் இன்றைக்கும் அரிசி மதுவுக்கு அப்படிப்பட்ட வில்லைகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். அரிசிமாவையும் இலை, வேர்களையும் பிசைந்து தட்டிக் காயவைத்து, பூஞ்சணமும் ஈஸ்டும் ஒன்றாகக் குடியேற விடுகிறார்கள். மணிப்பூரில் ஹமேய், டார்ஜிலிங் மலையில் மார்ச்சா, ஜார்க்கண்டின் ஹண்டியாவுக்கு ரானு. அசாமில் திமாசா மக்களின் ஜுதிமா 2021-இல் புவிசார் குறியீடும் பெற்றது. அரிசி மது ஜப்பானுக்கு மட்டும் சொந்தமில்லை; கோஜியை வேறு எந்த உயிரும் ஒட்டாமல் தனியாக வளர்த்த சுத்தம்தான் அவர்களுக்குச் சொந்தம்.

பெரும்பாணாற்றுப்படையின் வலைஞர் அந்த மதுவைத் தனியாகக் கொடுக்கவில்லை. களைத்து வருகிறவனுக்குச் சுட்ட மீனோடு கொடுக்கிறார்கள். நோகே கடையில் என் முன்னால் வைத்ததும் சுட்ட மீன்தான், உள்ளங்கை அளவுத் தட்டில்.

ஜப்பானிய மொழியில் மீனுக்கு ‘சகானா’ என்று பெயர். முதலில் அது மீனைக் குறித்த சொல் இல்லை. ‘சக’ என்றால் மது. ‘நா’ என்றால் அதோடு தொட்டுக்கொள்வது. தொட்டுக்க எப்போதும் மீனே வந்ததால் மீனுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ‘சைடிஷ்’ என்று நம்மூரில் சொல்லும்போது எதையும் விசேஷமாக நினைப்பதில்லை. மாங்காய்ப் பத்தை, சுண்டல், அவித்த முட்டை. காரமும் உப்பும் நாக்கை அடித்து எழுப்பினால் போதும் என்பது நம் கொள்கை. காய்ச்சி வடித்த சரக்குக்கு அதுதான் தோதும்கூட, அதன் எரிச்சலை மறைக்க வேறு வழி இல்லை. சாக்கேக்குத் தொட்டுக்க வருபவை வேறு கணக்கில் வருகின்றன. குளிர்ந்த தோஃபு மேல் சீவிய மீன் சுருள். உப்பில் ஊறிய கணவாய்க் குடல். வேகவைத்த பச்சை சோயா. காரமே இல்லை. முதல் நாள் சப்பென்று இருந்தது. நான்காம் நாள் புரிந்தது.

அந்த மீன் சுருளை நாம் அறிவோம். சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி மரக்கட்டைபோல் உலர்த்தியது. தூத்துக்குடியிலும் இலங்கையிலும் மாசி என்பார்களே, அதன் உறவு. மீன் செத்தபின் தசையில் இருந்த ஆற்றல் மூலக்கூறு சிதைந்து இனோசினேட் ஆகிறது. கடற்பாசியிலும் சோயாவிலும் தக்காளியிலும் இருப்பது குளுட்டமேட். 1908-இல் இகேதா கிகுனாயே கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். 1913-இல் அவருடைய மாணவர் கொதாமா மீன் சுருளில் இனோசினேட்டைக் கண்டார். இரண்டும் நாக்கில் ஒன்றாகப் பட்டால் சுவை கூட்டல் கணக்கில் ஏறாமல் பெருக்கல் கணக்கில் ஏறும் என்பது பிறகு தெரிந்தது. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் தக்காளியை ஏன் தாராளமாகப் பிழிகிறோம் என்று அம்மா எந்த ஆய்வகத்திலும் படிக்கவில்லை.

கோஜி மாவுச்சத்தை மட்டும் வெட்டுவதில்லை. அரிசியின் புரதத்தையும் வெட்டி அமினோ அமிலங்களாக்குகிறது. குளுட்டமேட் அதில் ஒன்று. அதனால்தான் சாக்கேயில் வைனைவிட அமினோ அமிலம் மிக அதிகம். மீனின் இனோசினேட்டும் டம்ளரின் குளுட்டமேட்டும் வாயில் சந்திக்கின்றன. அதாவது, குழம்பில் பாதி தட்டிலும் பாதி டம்ளரிலும் இருக்கிறது. சிவப்பு வைனோடு மீன் தின்றால் சில நேரம் கவிச்சி தூக்கி அடிக்கும். வைனில் உள்ள இரும்புதான் அதற்குக் காரணம் என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியது. இரும்பு மீன் எண்ணெயைச் சிதைத்து அந்த வாடையைக் கிளப்புகிறது. சாக்கேயில் இரும்பு கிட்டத்தட்ட இல்லை. கோஜியின் பொருள் ஒன்றோடு இரும்பு சேர்ந்தால் மது பழுப்பேறிவிடும் என்பதால் மது செய்கிறவர்கள் தண்ணீரிலேயே அதை ஒதுக்கிவிடுகிறார்கள். எங்கள் தெரு போர் தண்ணீர் பிளாஸ்டிக் பக்கெட்டில் போடும் மஞ்சள் கறையைப் பார்த்தால் அந்த ஊர்க்காரர்கள் அழுதுவிடுவார்கள்.

புரதம் மிஞ்சினால் சுவை கனத்து, மணம் கெடும். அரிசியின் புரதமும் கொழுப்பும் பெரும்பாலும் மேல்பகுதியில்தான். அதனால் அரைத்துத் தள்ளுகிறார்கள். கின்ஜோ வகைக்கு அரிசியில் 60 சதவீதத்துக்கு மேல் மிஞ்சக் கூடாது, டைகின்ஜோவுக்கு 50. பாதி அரிசிமணி தூளாகப் போகிறது. அந்தத் தூள் அரிசி பிஸ்கட்டுக்கும் தீவனத்துக்கும் போகிறது என்றாலும், கைக்குத்தலுக்கு மாறச் சொல்லி டாக்டர் திட்டுகிற ஊரிலிருந்து போனவனுக்கு மனசு ஒப்பவில்லை. மணத்துக்குத்தான் அந்தச் செலவு: ஈஸ்ட் பட்டினியிலும் குளிரிலும் வாழைப்பழ மணமும் ஆப்பிள் மணமும் தரும் எஸ்டர்களை அதிகம் விடுகிறது. முதல் டம்ளருக்கு அற்புதம். கருவாட்டோடு எனக்கு அந்த வாழைப்பழம் ஒத்துவரவில்லை. விலை குறைந்த, அதிகம் தீட்டாத வகையை இளஞ்சூடாக்கித் தருவதே மீனுக்குப் பொருத்தம் என்பது என் கட்சி.

நோகே கடையில் என் பக்கத்தில் நின்ற ஜப்பானியப் பயிற்சியாளர் அரை டம்ளரிலேயே செங்கல் நிறமாகிவிட்டார். ஆல்கஹாலை உடல் முதலில் அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அதை அப்புறப்படுத்தும் நொதி கிழக்காசியர் பலருக்கு மரபிலேயே முடங்கியது. முகம் சிவப்பது அந்த நஞ்சு தேங்குவதன் அடையாளம். அப்படிச் சிவக்கிறவர்கள் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வாய்ப்பு அதிகம். சிவக்காதவர்களுக்கும் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. தொட்டுக்கொண்டு குடித்தால் ஒரு சௌகரியம் உண்டு: உணவு இருக்கையில் இரைப்பையின் அடிவாசல் இறுகி, ஆல்கஹால் சிறுகுடலுக்குள் மெல்லத்தான் இறங்கும். கடைசியில் உள்ளே போகிற கணக்கு என்னவோ பெரிதாக மாறாது. நின்றுகொண்டே குடிப்பதில் கால் வலி வந்து எழுந்து போக வைக்கிறது. எழுந்து என்ன, ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருக்கிறோம்.

ஜப்பானின் கித்தாக்யூஷூ நகரில் மதுக்கடை மூலையிலேயே நின்று குடிக்கும் வழக்கத்துக்குக் ‘காக்குஊச்சி’ என்று பெயர். 1901-இல் தொடங்கிய யவாத்தா உருக்காலையின் ஷிப்ட் தொழிலாளிகள் காலையில் வேலை முடிந்து அப்படி நின்றார்கள். ஒரகடம் நைட் ஷிப்ட் பஸ் படப்பையில் நிற்கும்போது விடிந்திருக்கும். இறங்குகிறவர்கள் டீயும் வடையுமாக நிற்பதைப் பார்த்தால் எனக்கு அந்த ஊர் ஞாபகம்தான் வரும்.

ஊர் திரும்பியபின் நல்லடையைச் செய்து பார்க்கும் ஆசை விடவில்லை. மதுவாக்குவதற்கில்லை, தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, ஜப்பானிலும் 1899 முதல் வீட்டில் மது செய்யத் தடை. கஞ்சி நீர்க்கும் கட்டம் வரைக்கும் சட்டம் ஒன்றும் சொல்லாது. ஒரு படி விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டி முளைவிட்டதும் நிழலில் காயவைத்து உரலில் இடித்தேன். அரிசியைக் குழைய வேகவைத்துக் களியாக்கினேன். முதல் தடவை அவசரம். கொதிக்கும் களியிலேயே மாவைக் கொட்டினேன். ஒரு மணி நேரம் காத்திருந்தும் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. நொதி வெந்துபோயிருந்தது. மறுநாள் பாட்டில் உள்ளபடி பெரிய தாம்பாளத்தில் ஊற்றி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் கலந்தேன். அரை மணியில் விளிம்பில் தண்ணீர் கசிந்தது. இன்னும் சற்று நேரத்தில் தாம்பாளத்தைச் சாய்த்தால் ஓடியது.

அம்மா எட்டிப் பார்த்தார். ‘ஏன்டா, கஞ்சி இப்படித் தண்ணியா நிக்குது? பச்சத்தண்ணி ஊத்திட்டியா?’

‘இல்லம்மா, நெல்லு முளை.’

விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். ‘இனிக்குதே! கேவுரு முளைக் கஞ்சி மாதிரி.’ இரண்டு டம்ளரில் ஊற்றினார். ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு, ‘தொட்டுக்க?’ என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் நெத்திலிக் கருவாடு நாலைந்தை எடுத்து அடுப்பு அனலில் வாட்டினார். அடுக்களை மேடையோரம் நின்றபடியே குடித்தோம்.